காலிப் பெட்டிக்குப் பின்னால்

நியூ ஆர்லியன்ஸ்,
புதன்கிழமை காலை

அன்பு மகள் செலஸ்டுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகமாகத்தான் இருக்கிறேன், மழை வருவதற்கு முன்னால் முழங்கால் கொஞ்சம் முணுமுணுக்கிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. அந்த அலாஸ்கா குளிரில் நீயும் மாப்பிள்ளை டெரெக்கும் குட்டி நயாவும் கைகால் விறைக்காமல், இருமல் சளி இல்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன். இதைப் போனில் சொன்னால் போதாதா என்று நீ கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் உனக்கு அடுப்பில் ஏதாவது பொங்கிவிடுகிறது, இல்லையென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டுவிடுகிறார்கள். காகிதமென்றால் அப்படிப் பாதியில் வைத்துவிட மாட்டாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். விஷயம் உன் அப்பாவின் ஊர்வலம் பற்றியது. அவரை அடக்கம் பண்ணிய நாளிலிருந்து நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய், அப்பாவுக்கு ஊர்வலம் எப்போது, தேதி சொல்லு, அன்றைக்கு நான் வந்து நிற்பேன் என்று. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

உன் அப்பா நூமா இந்த ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் பெரிய டிரம் அடித்தவர். பாதிரியார், முடிவெட்டுகிறவர், சூதாடி என்று பேதம் பார்த்ததில்லை. தேவாலயத்திலிருந்து கல்லறைவரை அந்த மெதுவான பாட்டுக்கு அடித்துக்கொண்டு போய், சவப்பெட்டியைத் தனியே போக விடுகிற தெருமுனையில் பேண்டு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டதும் சந்தோஷப் பாட்டுக்கு மாறி, அழுதுகொண்டு வந்த கூட்டத்தை ஆடவைத்து வீட்டுக்கு அனுப்புவார். அவர் போன நேரம் நோய்க்காலம். கல்லறையில் பத்துப் பேருக்கு மேல் கூடாது, வாயைத் துணியால் மூட வேண்டும், ஊதுகிற கருவி எதுவும் கூடாது என்றார்கள். உன் அத்தை மகன் கெர்வின் டிரம்பெட்டைக் காரிலேயே வைத்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஒரு தட்டுச் சத்தம்கூட இல்லாமல் அவரைக் கல்லறை மாடத்துக்குள் தள்ளி அடைத்துவிட்டு வந்தோம். உனக்கு விமானம் இல்லை, நீ வரவில்லை, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நோய் அடங்கட்டும் அத்தை, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி மாமாவுக்கு நடத்துவோம் என்று கெர்வின் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நோய் அடங்கியது. பிறகு புயல் வந்து கூரைகளைக் கொண்டுபோயிற்று. பிறகு டிராம்போன்காரன் அட்லாண்டாவுக்குப் போய்விட்டான். பிறகு பார்த்தால் சனி ஞாயிறெல்லாம் வெளியூர்க் கல்யாணக்காரர்கள் பேண்டைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். எங்கிருந்தெல்லாமோ வந்து இங்கே கல்யாணம் பண்ணிக்கொள்கிறார்கள் இப்போது, அவரவர் ஊரில் தேவாலயம் இடிந்துவிட்டது போல. நம் தெருவில் விளக்கு எரிகிற வீட்டையெல்லாம் ஆள் இருக்கிறார்கள் என்று நம்பாதே, பாதி வீடு வார வாடகைக்கு விடுகிற வீடு. பயணப் பெட்டியை உருட்டிக்கொண்டு வருகிறார்கள், குடித்துவிட்டுக் கத்துகிறார்கள், உருட்டிக்கொண்டு போகிறார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வெர்டெல் வந்தாள். உனக்கு நினைவிருக்கும், தெருக்கோடி வீட்டுக்காரி, சின்ன வயதில் உனக்குப் பின்னல் போட்டுவிட்டு அசைந்தால் காதைத் திருகுவாளே அவள்தான். வெள்ளத்தில் வீடு போய் ஹூஸ்டனில் மகனோடு இருக்கிறாள். பிறந்த ஊரைச் சாவதற்குள் ஒரு தடவை வெளியூர்க்காரி மாதிரி சுற்றிப் பார்க்க வேண்டும், நீ கூட வர வேண்டும் என்று போனில் ஒரே பிடிவாதம். நாங்கள் இரண்டு பேரும் வெளியூர்க்காரர்கள் மொய்க்கிற அந்தப் பிரெஞ்சு குவார்ட்டரில் பாத்திரம் கழுவியிருக்கிறோம், ஓட்டல் படுக்கை விரித்திருக்கிறோம், வேடிக்கை பார்த்ததில்லை. வெர்டெல் வருகிறாள் என்று கெர்வினிடம் சொன்னேன். நல்ல நேரத்தில் வருகிறார்கள் அத்தை, நீங்கள் கவலைப்படாதீர்கள், எல்லாவற்றையும் என்னிடம் விடுங்கள் என்றான். அந்த ஒரு பேச்சு என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவன் உன் அப்பாவின் ஊர்வலத்தைத்தான் ஏற்பாடு பண்ணுகிறான், வெர்டெலை அதற்காகத்தான் வரவழைத்திருக்கிறான் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். கிழவிக்கு ஆசை வந்தால் அறிவு வெளியே போய்விடுகிறது.

முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் போயிற்று. டிராமில் கடைசிவரை போய்ப் பெரிய வீடுகளையெல்லாம் வெளியே நின்று பார்த்தோம். சர்க்கரைத் தூள் கொட்டிய பென்யே பலகாரம் தின்றோம், வெர்டெலின் மார்பெல்லாம் சர்க்கரை மாவு. கோவேறு கழுதை வண்டியில் ஏறினோம். வண்டிக்காரப் பையன் ஒவ்வொரு வீட்டையும் காட்டி இதில் ஒரு பேய், அதில் ஒரு பேய் என்று சொல்லிக்கொண்டே வந்தான். வெர்டெல் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பேயெல்லாம் வாடகை கட்ட முடியாம எப்பவோ ஹூஸ்டனுக்கு வந்துடுச்சு தம்பி, எங்க அடுக்குமாடியிலதான் இருக்கு" என்றாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அதையும் அவன் சொல்கிற கதையில் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். ஊர் பூராவும் பாட்டு, மூலைக்கு மூலை ஒருவன் ஊதுகிறான். ஆனால் செலஸ்ட், கேட்டுக்கொண்டு நிற்கிறவர்களில் ஒரு முகம்கூட எனக்குத் தெரிந்த முகம் இல்லை. நான் என் ஊரில் விருந்தாளியாக நடந்தேன்.

சனிக்கிழமை காலையில் வெர்டெல் என்னைக் கறுப்பு உடுப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள், நல்ல ஓட்டலில் மதியச் சாப்பாடு என்றாள். ஒன்றும் தெரியாத மாதிரி போட்டுக்கொண்டேன். குவார்ட்டருக்குள் ஒரு முனைக்கு வந்ததும் கால் வலிக்கிறது, இங்கேயே கொஞ்சம் நிற்போம் என்றாள். சரிதான், இதுதான் இடம் என்று நினைத்தேன். பெரிய டிரம் முதலில் உள்ளங்காலில்தான் தெரியும், காதுக்கு அப்புறம்தான் வரும், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெதுவான பாட்டு. அவர் அடிக்கிற அதே இடைவெளியில் அடி விழுந்தது. தெருத் திருப்பத்தில் போலீஸ் மோட்டார் சைக்கிள், அப்புறம் ஊர்வலத்தை நடத்துகிற, தோளில் பட்டை போட்ட பெரியவர் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அப்புறம் நம் பேண்டு, எல்லாரும் கறுப்பு உடை, முன்னால் கெர்வின். பின்னால் கண்ணாடி வண்டி, வெள்ளைக் குதிரைகள், உள்ளே கறுப்புப் பெட்டி. வண்டிக்குப் பின்னால் விதவை நடக்க வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. அதற்கும் பின்னால்தான் கூட்டம். திரும்பி வெர்டெலைப் பார்த்தேன், வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். திருடி, என்னமாய் நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

நம்மவர்களில் யாரும் ஊர்வலத்தை நிறுத்தி யார் செத்தது என்று கேட்பதில்லை. பேண்டு வந்தால் பின்னால் சேர்ந்துகொள்வோம், நடக்க நடக்கத் தெரிந்துகொள்வோம். வண்டிக்கு ஒட்டின இடத்தில் மட்டும் குடும்பம் தவிர யாரும் கால் வைக்க மாட்டார்கள். நான் போய் அந்த இடத்தில் நின்றேன். நடந்தேன். அழுதேன் செலஸ்ட். ஆஸ்பத்திரி வாசலில் உள்ளே விடாதபோது அழாததை, கல்லறையில் வாய்த்துணிக்குள் அடக்கிக்கொண்டதை, எல்லாவற்றையும் அந்தத் தெருவில் வாய்விட்டு அழுதேன். கைக்குட்டை நனைந்துவிட்டது. முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நூமா, பார்த்தாயா, மறக்கவில்லை இவர்கள் என்று அவரோடு பேசிக்கொண்டே நடந்தேன். நடுவில் ஒரு தரம், உன்னையும் வரவழைத்து எங்கேயாவது ஒளித்துவைத்திருக்கிறார்களோ என்று திரும்பிக் கூட்டத்தில் உன் முகத்தைத் தேடினேன்.

கூட்டத்தில் எல்லார் கழுத்திலும் பெயர் அட்டை தொங்கியது. கையில் பிளாஸ்டிக் கோப்பை. போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் கோட்டுப் போட்ட ஒரு பெண் ஓடிவந்து என் தோளைத் தொட்டு, "அற்புதமா பண்றீங்கம்மா. அழுகைக்கும் ஆள் வருவாங்கன்னு எங்ககிட்ட யாரும் சொல்லவே இல்லையே" என்று ஒரு சீட்டை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். ஒரு கோப்பை மதுவுக்கான சீட்டு. யார் செத்தது என்று அவளிடம் கேட்டேன், பிறந்ததிலிருந்து ஊர்வலத்தில் நான் கேட்காத கேள்வி. அவள் சிரித்துக்கொண்டே பெட்டியைக் காட்டினாள். பல் வைத்தியர்கள் உட்காரவைப்பார்களே அந்த நாற்காலி, அதை விற்கிறவர்களின் வருஷக் கூட்டமாம். புது மாடல் வந்துவிட்டதாம். பழைய மாடலைப் புதைக்கிறார்களாம். பெட்டிக்குள் ஒன்றும் இல்லையாம், பக்கவாட்டில் நாற்காலிப் படம் ஒட்டி, போய் வா என்று எழுதியிருந்தது. கண்ணீரில் நான் அதை ஏதோ பூ வேலை என்று நினைத்திருக்கிறேன்.

கெர்வின் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் நிறுத்தவில்லை. வாயில் டிரம்பெட் இருக்கிறவன் பேச முடியாது, அது அவனுக்கு வசதியாகப் போயிற்று. முனை வந்தது. பேண்டு இரண்டாகப் பிரிந்தது. கண்ணாடி வண்டி நடுவில் போயிற்று. உடனே சந்தோஷப் பாட்டு, நாற்காலி விற்கிறவர்கள் எல்லாரும் அலங்காரக் குடையையும் கோப்பையையும் தூக்கிக்கொண்டு குதிக்க ஆரம்பித்தார்கள். நான் நடுத்தெருவில் நின்றேன், என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வெர்டெல் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. என் காதில் சொன்னாள், "எடுத்துக்கடி ஒனைடா. பேண்டு நூமா பேண்டு, பாட்டு நூமா பாட்டு. பெட்டியில எது இருந்தா உனக்கென்ன? கண்ணை மூடிக்கிட்டு அவரை அனுப்பிவிட்டுடு. இதை விட்டா வேற ஒண்ணு உனக்கு யாரும் தரப்போறதில்ல." பல்லு நாற்காலி போற வண்டியில என் புருஷனை ஏத்த மாட்டேன்டி என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் மேல் எனக்கு வந்த கோபம் கெர்வின் மேல்கூட வரவில்லை. கறுப்பு உடுப்பு எதற்குப் போடச் சொன்னாய் என்று மட்டும் வீட்டு வாசலில் கேட்டேன். உன் பீரோவில் கிழியாமல் இருந்தது அது ஒன்றுதான் என்றாள். கால் வலியும் உண்மையான கால் வலிதான், கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கெர்வின் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். என்னிடம் விடுங்கள் என்று அவன் சொன்னது ஆற்றுப் படகுச் சவாரிக்கு இரண்டு இலவச டிக்கெட்டாம், சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். நான் வாங்கவில்லை. அடுத்த மாதம் ஒரு கல்யாண ஊர்வலம் இருக்கிறது, அது தொடங்குவதற்கு முன்னால் ஒரு தெரு நீளத்துக்கு மாமாவுக்காக மெதுவாக ஊதுகிறோம், பெண்ணையும் மாப்பிள்ளையையும் கேட்டுவிட்டேன், அவர்களுக்கும் பிடித்திருக்கிறது, படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள் என்றான். எனக்கு எங்கிருந்து அவ்வளவு வார்த்தை வந்ததோ தெரியாது. காலிப் பெட்டியைப் புதைக்க உனக்கு நேரம் இருக்கிறது, நாற்காலிக்கு அழ உனக்கு மூச்சு இருக்கிறது, உன்னைத் தோளில் வைத்து ஊர்வலம் காட்டிய மனுஷனுக்கு ஒரு பாட்டு ஊத இத்தனை வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லையா என்று கேட்டேன். அவன் எல்லாவற்றையும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். வெர்டெல்தான் விடவில்லை, வாயில் என்னடா கொழுக்கட்டையா, பதில் சொல்லு என்றாள். அப்போது சொன்னான்.

"மூணு தடவை தேதி வெச்சேன் அத்தை. மூணு தடவையும் வந்த வேலையைத் தள்ளிட்டு வெச்சேன். செலஸ்ட்கிட்ட சொன்னேன். ஒரு தடவை டூட்டிங்கறா, ஒரு தடவை புள்ளைக்குக் காய்ச்சல்ங்கறா, ஒரு தடவை போனையே எடுக்கல. அம்மாகிட்ட சொல்லாத, நானே பேசிக்கறேன்னு மெசேஜ் போட்டா. ஒரே பொண்ணு இல்லாம மாமாவுக்கு எப்படி வெக்கறது? அதுக்கப்புறம் ஞாயிறெல்லாம் கல்யாணத்துக்குப் போயிடுச்சு."

செலஸ்ட், நான் உடனே உனக்குப் பரிந்துதான் பேசினேன். அவளுக்கு ஆஸ்பத்திரி வேலை, நினைத்தபோது விட்டுவிட்டு வர முடியுமா, தூரம் கொஞ்சமா என்று அடுக்கினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது, நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷமும் நான் அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். தேவாலயத்தில் எல்லார் முன்னிலையிலும்கூட ஒரு தடவை. உனக்கும் அவனைப் பற்றிப் போனில் புலம்பியிருக்கிறேன். நீ, ஆமாம்மா அவன் அப்படித்தான், அவனை நம்பாதே என்றாய். அந்த வார்த்தைதான் இப்போது என்னை விட மாட்டேன் என்கிறது. வரவில்லை என்பதை நான் பொறுத்துக்கொள்வேன், பெற்றவள் எதைத்தான் பொறுக்கவில்லை. அவன் தலையில் கட்டிவிட்டு நீ நல்ல பிள்ளையாக இருந்தாயே, அது கசக்கிறது. கெர்வினை உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, இரண்டாம் தடவை இறைச்சி வைத்தேன், அவனுக்குப் புரிந்திருக்கும். கல்யாணத்தோடு சேர்த்து ஊதுவது வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் வெர்டெலுக்கு ஹூஸ்டன் பஸ். காலையில் வழக்கம்போல சிவப்பு பீன்ஸை அடுப்பில் ஏற்றினேன். அது சின்னத் தீயில் வேகட்டும், பார்க்காத இடம் இன்னும் ஒன்று இருக்கிறது, வா என்றாள். தேவாலய வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் என்னைப் பின்னால் நிறுத்தினாள், அவள் முன்னால் போய் நின்றாள். நான் கறுப்பு உடுப்பில்கூட இல்லை, சமையல் கறை பட்ட கவுனில் இருந்தேன். அவள் அந்த மெதுவான பாட்டைத் தொடங்கினாள். அவளுக்குச் சுருதி எந்தக் காலத்திலும் கிடையாது, பாடகர் குழுவிலிருந்து இரண்டு தடவை வெளியே அனுப்பப்பட்டவள். ஒரு அடி, ஒரு நிறுத்தம், ஒரு அடி என்று முறையாக நடந்தாள், வீங்கின கணுக்காலோடு. நான் விதவை இடத்தில் நடந்தேன், முன்னால் வண்டி இல்லை. வாடகை வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் போனைத் தூக்கினார்கள், தூக்கட்டும். குப்பை வண்டிக்காரர்கள் இரண்டு பேர் மட்டும் வண்டியை நிறுத்தி இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள், யாருக்கு என்று கேட்கவில்லை. கல்லறைக்கு முந்தின முனையில் வெர்டெல் பாட்டை நிறுத்தி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டாள். "இப்ப விடுடி" என்றாள். நான் அவர் பெயரைச் சொல்லி, போங்க என்றேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் சந்தோஷப் பாட்டுக்கு மாறி நடுத்தெருவில் ஆடினாள். எனக்குக் கால் வரவில்லை, கைக்குட்டையை மட்டும் தூக்கி ஆட்டினேன். வீட்டுக்கு வந்தபோது பீன்ஸ் அடிப்பிடித்திருந்தது, இரண்டு பேரும் அதையே சாப்பிட்டோம். அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து படுத்தேன், நேற்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

ஆகவே நீ கேட்டுக்கொண்டிருந்த தேதி முந்தாநாள் திங்கட்கிழமை. உன் அப்பாவின் ஊர்வலம் நடந்து முடிந்துவிட்டது. இனி அதற்காக நீ லீவு கேட்க வேண்டாம், விமானம் பார்க்க வேண்டாம், யாரிடமும் காரணம் சொல்லவும் வேண்டாம். என்னைப் பார்க்க வருவதென்றால் எந்த நாளும் வா, கதவு நீ விட்டுப்போன அதே கதவுதான். வர முடியாதென்றால் முடியாது என்று சொல், அதையும் கேட்டுக்கொள்வேன். அம்மாவுக்கு ஊர்வலம் வைக்கிறபோது வருகிறேன் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

குட்டி நயாவின் நெற்றியில் நான் கொடுத்ததாக ஒரு முத்தம் கொடு, காதை மூடித் தொப்பி போட்டு அனுப்பு. மாப்பிள்ளையின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. கர்த்தர் உங்கள் மூவரையும், வாசல் முதல் கூரைவரை அந்த வீட்டையும் காத்துக்கொள்ளட்டும். உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அது இருக்கும்போதே உன்னை ஆசீர்வதிக்கவும் எனக்குத் தெரியும். ஒன்றை மறக்காதே, இதைப் படித்துவிட்டுக் கெர்வினைக் கூப்பிட்டு ஏன் சொன்னாய் என்று சண்டை போடாதே. இத்தனை வருஷமும் உனக்குப் பதிலாக என்னிடம் திட்டு வாங்கியவன் அவன்.

உன் அம்மா,
ஒனைடா